பிரியமும் அன்புகூர்தலும்

பிரான்சின் பெரிய இலக்கிய விருதான கோன்கூர் பரிசை 1930-இல் வாங்கிய நாவல் நம்ம கோல சிலாங்கூர் தோட்டப்புறத்தில் விளைந்தது. நண்பர்களிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. எழுதியவர் ஆன்றி ஃபோகோனியே. 1905-இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் ஆற்றுப் பக்கம் ரந்தாவ் பஞ்சாங்கில் காட்டை அழித்து ரப்பர் போட்டவர். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தென்னமரம் தோட்டத்தில் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டவரும் அவர்தான். (தென்னமரம் என்று பெயர் வைத்த தோட்டத்தில் செம்பனை. தோட்டத்துப் பெயர்களின் தமாஷ் தனிக் கட்டுரைக்குரியது.) நாவலின் பெயர் ‘மலேசி’. ஆங்கிலத்தில் ‘தி சோல் ஆஃப் மலாயா’ என்று 1931-இல் வந்தது.

இந்த நாவலை ஜெயமோகனின் ‘ஓலைச்சிலுவை’ சிறுகதைக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்கப் பார்க்கிறேன். பொருந்தாத ஜோடி போலத் தோன்றலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரே மாதிரி ஆள் நிற்கிறான்: முதல் உலகப்போரைப் பார்த்துவிட்டு, தமிழ் கற்றுக்கொண்டு, தமிழர் நடுவே வாழ்ந்த வெள்ளைக்காரன். ஒருவன் துரை, இன்னொருவன் டாக்டர். எனக்குள்ள கேள்வி வேறு. கிறிஸ்துவ வாழ்க்கை என்பது கடவுளின் அன்பில் வேர்விட்டு வாழ்வது என்று கோயிலிலும் சபையிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அது ஒரு தோட்டத்தில், ஒரு லயத்தில், காலை பெரட்டுக்கு நின்றுவிட்டு மரம் வெட்டப் போகிறவரிடத்தில் எப்படி இருக்கும்? நம் எழுத்து அதைக் காட்டியிருக்கிறதா?

முதலில் துரை. ‘மலேசி’யை மோசமான காலனிய நாவல் என்று தூக்கிப்போட முடியாது. அதன் மையத்தில் இருக்கும் ரோலேன் என்ற தோட்டக்காரர் ஐரோப்பிய நாகரிகத்தின் மேலேயே சலித்துப்போனவர். கதை சொல்லும் லெஸ்கால் அவரிடம் பாடம் கற்பவன். ‘பனைகளின் வீடு’ என்று ஒரு வீடு, சுற்றிலும் காடு, மலாய்ப் பாந்துன்கள், தமிழ்ப் பேச்சு. சக வெள்ளைக்காரர்களின் கிளப் வாழ்க்கையைக் கேலி செய்யும் இடங்கள் இன்றைக்கும் கூர்மையாகவே இருக்கின்றன. தமிழர் மேல் இந்த நாவலுக்கு வெறுப்பு இல்லை. பிரியம் இருக்கிறது. கவனிக்கிறது, ரசிக்கிறது, சில இடங்களில் மயங்குகிறது.

சிக்கல் அந்தப் பிரியத்தில்தான். அதற்கு எந்தச் செலவும் இல்லை. ரசித்து முடித்ததும் பெரட்டு பெரட்டாகவே இருக்கும், கூலி கூலியாகவே இருக்கும். பழனியாய் என்ற தமிழ்ப்பெண் லெஸ்காலின் வீட்டுக்கும் படுக்கைக்கும் வருகிறாள். நாவல் அவளைக் கேவலமாக எழுதவில்லை. ஆனால் அவளுக்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல இடம் இருந்ததா என்று அது ஒருமுறையும் நின்று யோசிப்பதில்லை. பதினோரு வருடம் கழித்து, 1941-இல், கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கி சிலாங்கூர் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று, வெள்ளைக்காரர்களும் தோட்ட அதிகாரிகளும் பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும் என்பது. இந்தக் கோரிக்கையைப் படித்த பிறகு திரும்பிப் போய் பழனியாய் வரும் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். முன்பு படித்த மாதிரி படிக்க முடியாது.

இதற்கும் கிறிஸ்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ரோலேன் பிரசங்கி இல்லை, ஃபோகோனியே வேதாகம நாவல் எழுதவும் இல்லை. சம்பந்தம் ஒரு சொல்லில் இருக்கிறது. தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் ‘அன்புகூர்’ என்று ஒரு வினைச்சொல் அடிக்கடி வரும். வெளியே யாரும் பேசுவதில்லை. “எங்க அம்மா என்மேல் அன்புகூர்ந்தாங்க” என்று சொன்னால் சிரிப்பார்கள். கிட்டத்தட்ட தேவாலயத் தமிழாகவே சுருங்கிவிட்ட சொல் அது. கூர்தல் என்றால் மிகுதல். அன்பு மனசுக்குள் இருப்பது ஒன்று. அது மிகுந்து, தன் எல்லையைத் தாண்டி, அடுத்த ஆளின் பக்கமாக நகர்வது இன்னொன்று. அன்பு என்ற பெயர்ச்சொல்லை வைத்துக்கொண்டு ஒருவர் பனைகளின் வீட்டில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கலாம். அன்புகூர்தல் என்று வினையாக்கிவிட்டால் எழுந்து போக வேண்டியிருக்கும். இலக்கணமாக நான் இதை நிறுவ வரவில்லை. வாசகனாக எனக்கு இப்படிக் கேட்கிறது, அவ்வளவுதான்.

இப்போது டாக்டர்.

தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் 1890-இல் இங்கிலாந்தின் கெண்டலில் பிறந்தார். செருப்புத் தொழிற்சாலைக் குடும்பம், வசதிக்குக் குறைவில்லை. போரில் சொம் களத்து மருத்துவ முகாமில் அறுவை மருத்துவராக இருந்தார். 1922-இல் எவரெஸ்ட் ஏறப்போன பிரிட்டிஷ் குழுவில் அவரும் ஒருவர். அந்த ஜூனில் பனிச்சரிவு விழுந்து ஏழு சுமைக்காரர்கள் செத்துப்போனார்கள். சாமர்வெல்லும் அதே சரிவில் நின்றிருந்தவர். பிழைத்துக்கொண்டார். பின்னாளில் அதைப் பற்றி எழுதும்போது, செத்தவர்களில் ஒரு பிரிட்டிஷ்காரன்கூட இல்லையே, இருந்திருந்தால் அவர்களுடைய இழப்பில் நாங்களும் பங்கெடுத்தோம் என்று மிஞ்சியிருக்கும் சுமைக்காரர்கள் உணர்ந்திருப்பார்களே என்று வருந்துகிறார்.

மிஷனரி எழுத்துகளில் நான் அதிகம் பார்க்காத வரி அது. செத்தவர்களுக்காகப் பரிதாபப்படுவதோடு அது நிற்கவில்லை. ஆபத்து சமமாகப் பங்கிடப்படவில்லை என்ற வெட்கம் அதில் இருக்கிறது.

மலையிலிருந்து இறங்கியவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கிறார். அன்றைய தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். ஒற்றை டாக்டர், முடியாத வரிசை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் தனக்குக் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார். பனிச்சரிவுதான் அவரை நெய்யூருக்குத் தள்ளியது என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது என் வேலை. 1924-இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய் ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறி, தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகும் நிலையில் தப்பி வந்தார். அதன் பிறகு நெய்யூரில் இருபது வருடங்களுக்கும் மேல். கடைசியில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி. 1936-இல் வந்த அவருடைய நூலின் பெயர் ‘எவரெஸ்டுக்குப் பிறகு’. மலைக்குப் பின்னால் நடந்ததுதான் தன் வாழ்க்கை என்று தலைப்பிலேயே முடிவுசெய்துவிட்ட மனுஷன்.

இந்த சாமர்வெல்தான் ‘ஓலைச்சிலுவை’யில் வருகிறார். ‘அறம்’ தொகுப்பு 2011-இல் வந்தபோது ‘யானை டாக்டர்’, ‘சோற்றுக்கணக்கு’, ‘நூறு நாற்காலிகள்’ எல்லாம் இங்கேயும் கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டன. ‘ஓலைச்சிலுவை’யைப் பற்றி அவ்வளவு பேச்சு வரவில்லை. எனக்கு அந்தத் தொகுப்பிலேயே அது முக்கியமான கதை. பனையேறி வீட்டுப் பையன் ஒருவன். அப்பா போய்விடுகிறார். வீட்டில் பசி. அந்தப் பசிதான் குடும்பத்தை வேதத்தில் சேர்க்கிறது. தரிசனமோ, மனந்திரும்புதலோ ஒன்றுமில்லை, சோறுதான். பையன் சாமர்வெல்லோடு வளர்கிறான், அவர் மேல் பக்தியே வைத்திருக்கிறான், ஆனால் அவர் நம்பும் கடவுள் மேல் அவனுக்கு விசுவாசம் வருவதில்லை. காலரா ஊர் ஊராகத் தின்னும் காலத்தில், நோயாளிகளின் நடுவில்தான் அவனுக்குள் ஏதோ திறக்கிறது.

கதையின் பெரிய நேர்மை சோற்றை மறைக்காததுதான். நம் ஊரில் ஒரு வசை உண்டு. தோட்டத்திலும் கேட்டிருப்பீர்கள், இப்போது தாமான் வாசலிலும் கேட்கிறது: “சோத்துக்கு மதம் மாறுனவன்.” வசையைக் கேட்ட கிறிஸ்துவர்கள் வழக்கமாக மறுப்பார்கள், எங்கள் தாத்தா உண்மையை உணர்ந்து மாறினார் என்பார்கள். ஜெயமோகன் மறுக்கவில்லை. ஆமாம், சோறுதான், அதற்கென்ன என்கிறார். பசித்தவனுக்குச் சோறு கிடைத்த இடத்தில் கடவுள் இருக்க முடியாது என்று சொல்ல வயிறு நிறைந்தவனுக்கு என்ன தகுதி? ஆனால் கதை அங்கேயே நின்றுவிடுவதும் இல்லை. சோறு ஒரு கடனாகப் பையனை அழுத்துகிறது. கொடுத்தவருக்காக நம்ப வேண்டியிருக்கிறது, நம்ப முடியவில்லை. நன்றியும் விசுவாசமும் ஒன்றல்ல என்று தமிழில் இவ்வளவு துல்லியமாகச் சொன்ன கதை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. சாமர்வெல் அவனை அவசரப்படுத்துவதில்லை என்பதுதான் சாமர்வெல்லின் அன்பு பற்றி அந்தக் கதை தரும் மிக நல்ல சாட்சி.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு அந்தக் கதையோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. ‘அறம்’ கதைகளின் பொதுவான கட்டமைப்பு, ஒரு மகத்தான மனிதர், அவரைப் பார்த்து நிமிரும் ஒரு சின்ன மனிதர். வாசிக்கும்போது கண்ணீர் வருகிறது, நாமும் நிமிர்கிறோம். ஆனால் அன்பு இங்கே ஒரு மனிதரின் உயரமாக ஆகிவிடுகிறது. எவரெஸ்ட் ஏறியவர், லண்டனை விட்டவர், தூங்காமல் அறுவை செய்பவர். கீழே இருப்பவர்கள் பெற்றுக்கொள்கிறார்கள். பையன் கடைசியில் தானும் கொடுக்கிறவனாக மாறுவதால் கதை ஓரளவு தப்பிக்கிறது. மற்றவர்கள் தப்பிப்பதில்லை.

கிறிஸ்துவ மரபே இதற்கு எதிர்த்திசையில் பேசுகிறது என்பதுதான் விசேஷம். யோவானின் முதல் நிருபம் நாலாம் அதிகாரம் சொல்லும் கணக்கு எளிமையானது: அன்பு அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியது, நீ முதலில் வாங்கியவன், ஆகவே கொடு. கண்ணால் பார்க்கும் சகோதரனை வெறுத்துக்கொண்டு பார்க்காத கடவுளை நேசிப்பதாகச் சொல்லாதே. இதில் மகான்களுக்கு என்று தனி இடம் ஒன்றும் ஒதுக்கப்படவில்லை. நம் பாஷையில் சொன்னால் இது கைமாத்து. லயத்தில் அரிசி தீர்ந்தால் பக்கத்து வாசலில் ஒரு பால் டின் அரிசி கைமாத்து வாங்குவார்கள். வட்டி கிடையாது, சீட்டு கிடையாது. வாங்கியவர் இன்னொரு நாள் கொடுப்பார், பல சமயம் வாங்கிய ஆளுக்கே திருப்பித் தராமல் மூணாவது வீட்டுக்குக் கொடுப்பார். கடவுளின் அன்பில் வாழ்வது என்றால் முடிவே இல்லாத கைமாத்தில் இருப்பது என்று நான் புரிந்துகொள்கிறேன். நான் எவ்வளவு பெரிய ஆள் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. வாங்கியது என் வாசலோடு நின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி.

இந்தக் கிறிஸ்துவரை நம் தோட்டக் கதைகளில் தேடினால், நான் வாசித்த அளவில், கிடைப்பதில்லை. மாரியம்மன் கோயில் திருவிழா இருக்கும், கள்ளுக்கடை இருக்கும், கங்காணி, கிராணி, ஆயாக்கொட்டகை, டிரசர் எல்லாம் இருப்பார்கள். லயத்து ஓரத்தில் மாதா படம் மாட்டிய வீடு ஒரு வரியில் கடந்துபோகும். அல்லது “அல்லேலூயா” என்று கேலிக்குரிய ஒருவர் கிதாரோடு வருவார். இத்தனைக்கும் கிள்ளானில் லூர்து மாதா கோயில் 1928-இல் எழும்பியது, ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன்ஸ் திருவிழாவுக்குப் பஸ் பிடித்துப் போகிறவர்களில் இந்துக்களும் ஏராளம். கிறிஸ்துவர் எழுதிய பக்தி எழுத்து வேறு பக்கம் இருக்கிறது. அது ஆசீர்வாதத்தின் பட்டியல்: வீடு கிடைத்தது, கார் கிடைத்தது, மகளுக்கு யூனிவர்சிட்டி கிடைத்தது, ஸ்தோத்திரம். குறை சொல்லத் தோன்றவில்லை, தோட்டம் துண்டாடப்பட்டு வெளியே வீசப்பட்டவர்களுக்கு வீடு என்பது எவ்வளவு பெரிய சொல் என்று தெரியும். நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, மின்யாக் தோட்டத்து மக்கள் வீட்டுக்காக எத்தனை வருடம் அலைந்தார்கள் என்று வட சிலாங்கூரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சாட்சிகளில் பக்கத்து வீடு இருப்பதே இல்லை. எனக்குக் கிடைத்தது என்பதோடு வாக்கியம் முடிந்துவிடுகிறது. கைமாத்து அறுந்துபோன இடம் அது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது, எழுதுகிறவர் அதைத் தாண்டாமல் தோட்டத்துக் கிறிஸ்துவரை எழுத முடியாது. அன்பு என்ற பெயரில் அடக்கம் கற்பிக்கப்படுவது. எபேசியருக்கு எழுதிய நிருபம் ஆறாம் அதிகாரத்தில் வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிவதைப் பற்றிய வசனங்கள் உண்டு. ஒரு தோட்ட நிர்வாகத்துக்கு இதைவிட வசதியான வசனம் வேண்டுமா? அதற்கு நாலைந்து வசனம் தள்ளி எஜமானுக்கும் சொல்லியிருக்கிறது, மிரட்டுவதை விடு, உனக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் என்று. பெரட்டுக்களத்தில் நின்றவர்கள் முதல் பாதியைக் கேட்டிருப்பார்கள். துரை பங்களாவில் இரண்டாவது பாதி எத்தனை தரம் வாசிக்கப்பட்டிருக்கும்?

1941 கோரிக்கைகளில் இன்னொன்றை இங்கே சொல்ல வேண்டும். வெள்ளைத் துரைகளும் அதிகாரிகளும் எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போக அனுமதி வேண்டும். கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல், மருத்துவம், பள்ளிக்கூடம் என்ற வரிசையில் இதுவும் ஒன்று. இறங்கி நிற்பவருக்கு அவமானம், சரி. இறங்கச் செய்பவருக்கு என்ன ஆகிறது? தினமும் இருபது பேர் தன்னைக் கண்டு சைக்கிளிலிருந்து இறங்குவதைப் பார்க்கும் மனிதன் மெல்ல மெல்ல என்னவாகிறான்? துரையையும் நேசிக்கச் சொல்லும் மதம் ஒன்றை ஒருவர் உண்மையாக நம்பினால், அவர் துரைக்குச் செய்யக்கூடிய நன்மை இறங்காமல் ஓட்டிப் போவதுதான் என்று எனக்குப் படுகிறது. இதைப் பிரசங்கமாகச் சொன்னால் சப்பென்றிருக்கும். கதையில் ஒரு சைக்கிள் நிற்காமல் போனால் போதும். அந்த வேலைநிறுத்தத்தை ராணுவத்தைக் கொண்டு அடக்கினார்கள். ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள்.

எழுதப்படாத அந்தக் கதையை நான் இப்படிக் கற்பனை செய்துபார்ப்பதுண்டு. 1941, சிலாங்கூரில் ஒரு கித்தாத் தோட்டம். லயத்தின் கடைசி வீட்டில் ஒரு கிறிஸ்துவப் பெண், மரம் வெட்டுபவள். சாமியார் எப்போதோ ஒருமுறைதான் வருவார், மற்ற நாளில் அவளே ஜெபம், அவளே கோயில். பெரிய ஞானம் ஒன்றும் கிடையாது. ஆயாக்கொட்டகையில் யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் இராத்திரி அவள் வீட்டுக்குத்தான் தூக்கி வருவார்கள். வேலைநிறுத்தம் தொடங்குகிறது, அவளும் வேலைக்குப் போகவில்லை. சம்பளம் நின்று, வீட்டு டின்னில் அரிசி அடியைத் தொடுகிறது. கைமாத்து மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்போது கருங்காலி ஒருவன், துரை பக்கம் சேர்ந்து மரம் வெட்டப் போனவன், இராத்திரியில் அவள் வாசலுக்கு வருகிறான். லயத்தில் எவரும் அவன் வீட்டுக்குத் தண்ணீர்கூடத் தருவதில்லை. பெண்சாதிக்குக் காய்ச்சல். “அக்கா, ஒரு டின்னு அரிசி” என்கிறான். பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது, கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கொடுத்தால் நாளைக் காலை அவளோடு யாரும் பேசமாட்டார்கள், அதுவும் நியாயமான கோபத்தில்தான். சத்துருவை நேசி என்று படித்தவள். அவளுக்கு வேலைநிறுத்தத்தின் மேலும் நம்பிக்கை இருக்கிறது, இந்த இரண்டும் ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.

ஜெயமோகன் எழுதினால் அவள் கொடுப்பாள், நாம் அழுவோம். ஃபோகோனியே எழுதினால் விளக்கு வெளிச்சத்தில் அவள் முகம் அழகாக இருக்கும். கோல சிலாங்கூரிலிருந்தோ பெஸ்தாரி ஜெயாவிலிருந்தோ யாராவது எழுதினால், அவள் அரிசி டின்னைத் திறந்துபார்த்து எவ்வளவு மிச்சம் என்று முதலில் அளப்பாள் என்று நினைக்கிறேன்.